தாத்தாவின் த்ரீ-ஃபிப்டீன் ஏன் சிதறுகிறது?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, தாத்தா வயல் காவலுக்கு லைசென்ஸ் போட்டு வாங்கிய .315 ரைபிள் இப்போது என் பெயரில் இருக்கிறது. ரேஞ்சில் 50 மீட்டரில் அஞ்சு குண்டும் தேங்காய்ச் சிரட்டைக்குள் விழும். போன தேர்தலுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, நான்கு மாதம் கழித்துத் திரும்ப வாங்கி வந்ததிலிருந்து சோற்றுத்தட்டு அகலத்துக்குச் சிதறுகிறது. கடையில் காட்டினால் பேரல் போய்விட்டது, வேறு வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கவா?"

வாங்காதீர்கள் தம்பி, இப்போதைக்கு. ராணுவத்தில் ஆயுதப் பட்டறையில்தான் என் காலம் போனது. ஓய்வு பெற்று பாளையங்கோட்டைக்கு வந்த பிறகும் தெரிந்தவர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து "கொஞ்சம் பாருங்க" என்பார்கள். அதில் "பேரல் போச்சு" என்று வந்ததில் பாதிக்கு மேல் பேரல் நன்றாகத்தான் இருந்தது. பேரல் தேய்வது செருப்பு தேய்வது மாதிரி, மெல்ல மெல்ல நடக்கும். அதற்குச் சில ஆயிரம் குண்டு போக வேண்டும். உங்கள் தாத்தா ஆயுசு முழுக்கச் சுட்டிருந்தாலும் அவ்வளவு சுட்டிருக்க மாட்டார். லைசென்ஸில் ஆண்டுக்குக் கொடுக்கும் தோட்டாக் கணக்கைப் பார்த்தாலே தெரியும். நேற்று வரை நன்றாக இருந்தது இன்று கெட்டால், ஏதோ ஒன்று கழன்றிருக்கிறது, இடிபட்டிருக்கிறது, ஊறியிருக்கிறது, அல்லது துருப்பிடித்திருக்கிறது. தேய்ந்ததைத் தேடும் முன் கழன்றதைத் தேடுங்கள்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சோதித்துப் பார்ப்பதெல்லாம் ரேஞ்சில் மட்டும்தான். "வயலுக்குப் பன்றி வருதே, அதில் பார்த்தால் என்ன" என்று ஒரு வார்த்தை யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது வேட்டைதான், வழக்குதான். அதுவும் நீங்கள் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் இருப்பவர். பன்றியை என்ன செய்வது என்பது வனத்துறையின் பாடு.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். உங்கள் கையில் இருப்பது என்ன சாதி என்று தெரிந்தால் பாதி நோய் புரிந்துவிடும். ராணுவம் பயன்படுத்திய .303 அளவு தோட்டா பொதுமக்கள் கையில் இருக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில் கட்டுப்பாடு இருந்தது. அதனால் அதே லீ என்ஃபீல்டு இயந்திரத்தை வைத்துக்கொண்டு, ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவின் வழியில் வந்த .315-ஐ அதற்குப் பொருத்தினார்கள். சுதந்திரத்துக்கு அப்புறமும் ஆர்டினன்ஸ் ஃபேக்டரிகள், அதாவது அரசின் ஆயுதத் தொழிற்சாலைகள், அதைச் செய்துகொண்டே இருந்தன. ஆக, லீ என்ஃபீல்டுக்கு வரும் சீக்கெல்லாம் இதற்கும் வரும். கட்டை ஒரே துண்டு இல்லை, தோளில் வைக்கும் பட் தனி, பேரலுக்கு அடியில் ஓடும் முன்கட்டை தனி. தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னால் அடைக்கும் போல்ட்டைப் பூட்டும் காதுகள் முன்னால் இல்லை, பின்னால் இருக்கின்றன. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறும் முன் ரேஞ்சுக்குப் போங்கள். இரண்டு மஞ்சப்பையில் முக்கால் பங்கு மணல் நிரப்பி வாயைத் தைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முன்கட்டைக்கு அடியில், ஒன்று பட்டுக்கு அடியில். பேரல் மட்டும் மூட்டையைத் தொடவே கூடாது. தொட்டால் குண்டு தன் இஷ்டத்துக்கு ஏறும். ஒரே அட்டைப்பெட்டித் தோட்டா, ஒரே லாட் எண் (ஃபேக்டரியில் ஒரே தொகுதியாகச் செய்தது). அஞ்சு குண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிமிஷம் ஆறவிட்டுச் சுடுங்கள். விழுந்த வரிசையைத் தாளில் 1, 2, 3 என்று எழுதி வையுங்கள். தோட்டா விலைக்கு மூன்றோடு நிறுத்தத் தோன்றும். மூன்று குண்டு பொய் சொல்லும், நம்பாதீர்கள்.

அப்புறம் அதே துப்பாக்கி, அதே மூட்டை, அதே தோட்டா. ரேஞ்சில் நன்றாகச் சுடும் வேறு ஒருவரை அஞ்சு குண்டு சுடச் சொல்லுங்கள். அவர் சிரட்டைக்குள் போட்டுவிட்டால் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துடைத்து வைத்துவிடலாம். கோளாறு உங்கள் தோளில் இருக்கிறது. அதைக் கடைசியில் பேசுவோம்.

அவருக்கும் சிதறினால் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். இடம் மாறுவது வேறு, சிதறுவது வேறு. அஞ்சும் நெருங்கி விழுந்து, நடுவை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் துப்பாக்கிக்கு ஒன்றும் இல்லை, குறி பார்க்கும் சைட் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். மேலும் கீழுமாக நீண்டு விழுந்தால் தோட்டா, அதன் அடியைக் குத்தி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின், தோட்டா உட்காரும் சேம்பரில் எண்ணெய் என்று போக வேண்டும். பக்கவாட்டில் நீண்டால் சைட் ஆட்டம், ட்ரிக்கரை இழுக்கும் விரல், இல்லாவிட்டால் காற்று. சூடு ஏற ஏற 1, 2, 3 என்று ஒரே திசையில் நடந்து போனால் முன்கட்டை பேரலை எங்கேயோ நெருக்குகிறது. இரண்டு இங்கே மூன்று அங்கே என்று இரண்டு குடும்பமாகப் பிரிந்து விழுந்தால் ஏதோ ஒன்று இரண்டு நிலையில் மாறி மாறி உட்காருகிறது. அது பெரும்பாலும் ஆணி தளர்ந்த கேஸ். ஒழுங்கே இல்லாமல் நாலாபக்கமும் தெறித்தால்தான் பேரல் வாயைப் பார்க்கத் தோன்ற வேண்டும். இவை கல்லில் செதுக்கிய விதிகள் இல்லை, எங்கே முதலில் கை வைப்பது என்பதற்கு ஒரு வழி.

காற்றைச் சொன்னேன் இல்லையா, வள்ளியூர், பணகுடி பக்கத்துத் தம்பிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று சும்மா காற்று இல்லை, காற்றாலைகளை அதை நம்பித்தான் நட்டு வைத்திருக்கிறார்கள். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசினால் சின்ன .22 ரைபிளின் குண்டை 50 மீட்டரில் ஏறக்குறைய ஒரு அங்குலம் தள்ளிவிடும். .315-க்கு அந்தத் தூரத்தில் இவ்வளவு தள்ளாது. சோற்றுத்தட்டுக்குக் காற்றைக் குற்றம் சொல்ல முடியாது.

உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் எனக்கு முன் சைட் மேல்தான். தேர்தல் சமயத்தில் ஒரே அறையில் எத்தனை துப்பாக்கி வரும், எப்படிச் சாய்த்து வைப்பார்கள் என்று பார்த்திருப்பீர்கள். ஒன்றன்மேல் ஒன்று சரிந்தால் முதலில் அடி வாங்குவது முன் சைட். அது ஒரு குறுக்குக் காடியில் செருகியிருக்கும். விரல் நகத்தை வைத்து இடமும் வலமும் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் திருடன் கிடைத்துவிட்டான். அசையாவிட்டாலும் காடியின் ஓரத்தில் பழைய அழுக்குக் கோடு எங்கே இருக்கிறது, சைட் எங்கே இருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். கணக்கு எளிது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி சுமார் அரை மீட்டர் என்று வையுங்கள். 50 மீட்டர் அதைப்போல நூறு மடங்கு. சைட் அரை மி.மீ. ஆடினால் தாளில் 5 சென்டிமீட்டர் ஆடும். இடமும் வலமுமாக ஆடினால் 10. தட்டு அகலம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதா?

சைட் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு வருஷம் ஐப்பசியில், சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பெரியவர் வீட்டு ரைபிள் வந்தது. வாங்கியது முதல் அருமையாகச் சுட்டதாம், பத்து நாளாக இடப்பக்கமே போகிறதாம். பெட்டியைத் திறந்ததும் லேசாகச் சந்தன வாசம். பத்து நாளைக்கு முன்னால் என்ன என்று கேட்டேன். ஆயுத பூஜை. துப்பாக்கியைத் துடைத்து, மாலை போட்டு, வாயிலும் பின் சைட்டிலும் ட்ரிக்கர் காப்பிலும் பெரிய பெரிய பொட்டாகச் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார்கள். மறுநாள் மேலாகத் துடைத்திருக்கிறார்கள். பின் சைட்டின் அந்த 'யு' பள்ளத்தில், வலது மூலையில், கடுகளவு சந்தனம் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. அவர் கண் அந்தப் பள்ளத்தின் நடு என்று எடுத்துக்கொண்டது உண்மையில் இடப்பக்கம். பல் குத்தும் குச்சியால் ஒரு சுரண்டு, முடிந்தது வைத்தியம். பூஜை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பொட்டைக் கட்டையில் வையுங்கள். வாயில் வைக்காதீர்கள், ஈரச் சந்தனம் ஒரே ராத்திரியில் துருவைக் கொண்டுவரும்.

அதே வீட்டில் முன் சைட்டைப் புளி போட்டுக் குத்துவிளக்கு மாதிரி தேய்த்தும் வைத்திருந்தார்கள். பளபளக்கும் சைட் கண்ணை ஏமாற்றும். வெயில் வலப்பக்கமிருந்து அடித்தால் வலது ஓரம் மின்னும், கண் அந்த மின்னலையே சைட் என்று எடுத்துக்கொள்ளும், குண்டு இடப்பக்கம் சாயும். மேகம் வந்தால் திரும்ப நடுவுக்கு வரும். ஆள் தலையைப் பிய்த்துக்கொள்வார். இதற்குப் பழைய சுடுகாரர்கள் வைத்திருக்கும் மருந்து கற்பூரம். துப்பாக்கி காலி என்று உறுதி செய்து, தோட்டாவையெல்லாம் வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு வில்லைக் கற்பூரத்தைக் கரண்டியில் ஏற்றி அந்தப் புகையில் சைட்டை ஒரு நொடி காட்டுங்கள். மை மாதிரி ஒளி விழாத கறுப்பு படியும். அதற்கப்புறம் விரல் படக் கூடாது.

அடுத்தது ஆணிகள். ட்ரிக்கர் காப்புக்கு முன்னால் இருக்கும் பெரிய ஸ்க்ரூதான் முன்கட்டையை உலோகத்தோடு சேர்த்துப் பிடிக்கிறது. அது தளர்ந்தால் ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கி கட்டைக்குள் புதுசாக ஒரு இடம் தேடி உட்காரும். பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் அகலத்தில் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து இறுக்குங்கள். மெல்லிய டிரைவரை வைத்து ஸ்க்ரூ தலையை நசுக்கிவிடாதீர்கள். நாம் பார்க்கும் பழைய துப்பாக்கிகளில் பாதிக்கு ஸ்க்ரூ தலை எலி கடித்த மாதிரிதான் இருக்கும்.

பிறகு பட். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ரைபிளை ஏற்கெனவே மூன்று இடத்தில் காட்டியிருந்தார்கள். பேரலைத் துலக்கி, சைட்டை மாற்றி, தோட்டாவை மாற்றி, எல்லாம் ஆகிவிட்டது. நான் வாங்கி பட் கட்டையை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, போல்ட் ஓடும் உலோகக் கூடான ரிசீவரைக் கையால் பிடித்து மெல்ல முறுக்கினேன். கதவுக் கீல் மாதிரி மிக லேசாக ஒரு 'கிரீச்'. அவ்வளவுதான். பட்டுக்குள் நீளவாட்டில் ஓடும் போல்ட் தளர்ந்திருந்தது (தோட்டாவை அடைக்கும் போல்ட் இல்லை, பட்டை உலோகத்தோடு பிணைக்கும் நீளத் திருகாணி). பின்தகட்டைக் கழற்றினால் உள்ளே ஆழத்தில் அதன் தலை தெரியும், நீளமான டிரைவரால் இறுக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. பழைய லீ என்ஃபீல்டு வகைகளில் அந்த போல்ட்டின் முன் நுனி சதுரமாக இருக்கும், முன்கட்டையின் பின்பகுதியில் உள்ள ஒரு தகட்டில் மாட்டிக்கொண்டிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால் முன்கட்டை பிளக்கும். முன்கட்டையை முதலில் கழற்றி, போல்ட்டை இறுக்கி, சதுர நுனி நேராக நிற்கும்படி விட்டு, அப்புறம் திரும்ப மாட்ட வேண்டும். பழக்கமில்லை என்றால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் இதை மட்டும் சொல்லிச் செய்து வாங்குங்கள். அந்த ரைபிள் முக்கால் சுற்றுத்தான் இறுகியது. அடுத்த வாரம் தாளைக் கொண்டுவந்து காட்டினார், அஞ்சும் டீ கிளாஸ் வாய்க்குள் இருந்தன.

கட்டையைப் பற்றி இன்னொன்று. மரம் ஈரம் குடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர் மழையில் ஊறி, பங்குனி வெயிலில் சுருங்கும் மரம் பேரலை ஒரு பக்கமாக அழுத்தும். நான்கு மாதம் காற்றோட்டமில்லாத அறையில் கிடந்ததும் உங்கள் துப்பாக்கிக்கு அதே வேலையைச் செய்திருக்கலாம். முன்கட்டையைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். பேரல் அழுத்திய இடம் மட்டும் கறுத்து மினுமினுக்கும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் கவலை இல்லை. ஒரே பக்கம் மினுங்கினால் மெக்கானிக்குக்குக் காட்டுங்கள். அரத்தை எடுத்து நீங்களே ராவ ஆரம்பிக்காதீர்கள். ராவிய மரம் திரும்ப வராது.

எண்ணெய்க்கு வருகிறேன். கிராமத்தில் துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். மார்கழிக் காலையில் பாட்டிலில் அது எப்படி உறைந்து நிற்கிறது என்று தினம் பார்க்கிறோம், போல்ட்டுக்குள்ளும் அப்படித்தான் நிற்கும். உறையாதபோதும் நாளாவட்டத்தில் பிசினாகும். ஃபயரிங் பின் அந்தப் பிசினுக்குள் நீந்தி வந்து சோம்பலாக இடித்தால் ஒவ்வொரு தோட்டாவும் ஒவ்வொரு விதமாகப் பற்றும், குண்டு மேலும் கீழுமாக விழும். சுட்ட தோட்டாவின் அடியில் பின் குத்திய பள்ளத்தைப் பாருங்கள், ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம் என்றால் போல்ட்டைக் கழுவ வேண்டும். குத்தியும் வெடிக்காவிட்டால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள், வாயை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் எண்ணுங்கள்.

சுடப் போகும் முன் பேரலையும் சேம்பரையும் உலர்ந்த துணியால் எண்ணெய் இல்லாமல் துடைக்க வேண்டும். சேம்பரில் எண்ணெய் இருந்தால் வெடிக்கும்போது தோட்டா உறை சேம்பர் சுவரைப் பிடிக்காமல் வழுக்கிப் பின்னால் போல்ட்டை முழு பலத்தோடு இடிக்கும். பூட்டும் காதுகள் பின்னால் இருக்கின்றன என்று சொன்னேனே, அந்த இடியில் முழு போல்ட்டும் ரிசீவரும் வளைந்து கொடுக்கும், குண்டு மேலே ஏறும். மழையில் நனைந்த தோட்டாவும் இதையேதான் செய்யும். பேரலில் எண்ணெய் இருந்தால் முதல் குண்டு மட்டும் தனியாக ஓடும், மற்ற நான்கும் சேரும். தாளில் வரிசை எண் எழுதச் சொன்னது இதற்கும்தான்.

இப்போது பேரல். போல்ட்டை உருவிவிட்டுப் பின்னாலிருந்து வெளிச்சத்தைப் பார்த்துக் குழலுக்குள் பாருங்கள். உள்ளே சுற்றிச் சுற்றி ஓடும் புரிகள் கூர்மையாக, கண்ணாடி மாதிரி தெரிந்தால் நல்லது. கறுப்பாகவோ புள்ளி புள்ளியாகவோ தெரிந்தால் உடனே மனம் உடைய வேண்டாம், பாதி அழுக்காகவே இருக்கும். தாத்தா விட்டுப்போன பழைய தோட்டாவைச் சுட்டிருந்தால் அதன் அடியில் முதலில் பற்றும் பிரைமரில் உப்பு மிச்சம் வைக்கும் ரசாயனம் இருந்திருக்கலாம். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். நன்றாகக் கொதிக்கும் தண்ணீரை ஒரு புனல் வைத்துப் பின்பக்கமிருந்து ஊற்றுங்கள். சுக்குக் காப்பிக்குக் கொதிக்க வைக்கிற மாதிரி தளதளவென்று இருக்க வேண்டும், அப்போதுதான் குழல் சூடேறித் தானாக உலரும். பிறகு உலர்ந்த துணி, பிறகு பித்தளை பிரஷ், பிறகு குண்டு உரசி ஒட்டிய தாமிரத்தைக் கரைக்கும் திரவம். துணி நீலப் பச்சையாக வந்துகொண்டே இருந்தால் இன்னும் தாமிரம் இருக்கிறது என்று அர்த்தம். நிறம் வராமல் நிற்கும் வரை ஊறவிட்டு ஊறவிட்டுத் துடையுங்கள். இதற்கு இரண்டு சாயந்தரம் கூட ஆகும். அவசரப்படுகிறவர்கள்தான் பேரலைக் கடைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

கடைசியாகப் பேரல் வாய். குண்டு குழலை விட்டு விலகும் அந்த வட்ட விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் நசுங்கினாலும், பின்னால் வரும் வாயு அந்தப் பக்கம் முதலில் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். பஞ்சை எடுத்து விளிம்பைச் சுற்றி மெல்லத் தடவுங்கள். எங்கே பஞ்சு இழை மாட்டுகிறதோ அங்கே பிசிர் இருக்கிறது. குழலைத் துடைக்கத் துணி கட்டி இழுக்கும் புல்த்ரூ கயிற்றைக் கோணலாக இழுத்து இழுத்து வாயின் ஒரு பக்கம் தேய்ந்துபோன பேரல்களையும் பார்த்திருக்கிறேன். கயிற்றில் ஒட்டிய மணல்தான் அரம். வாய் கெட்டிருந்தாலும் பேரல் போகவில்லை. லேத் வைத்திருக்கும் லைசென்ஸ் மெக்கானிக் நுனியைச் சில மி.மீ. வெட்டிப் புது விளிம்பு கொடுக்க முடியும். இதற்கெல்லாம் அப்புறமும் புரிகளில் ஆழமான துருக்குழிகள் தெரிந்தால், அப்போது கடைக்காரர் சொன்னது உண்மை.

தோட்டாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பூனாவுக்குப் பக்கத்துக் கட்கி ஃபேக்டரித் தோட்டாதான் பெரும்பாலும் கிடைக்கிறது. வெவ்வேறு லாட்டைக் கலக்காதீர்கள், பச்சை பூத்ததைச் சுடாதீர்கள்.

இப்போது தோள். மற்றவர் சுட்டால் சேர்ந்து, உங்களுக்கு மட்டும் சிதறினால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. .315 நல்ல உதை உதைக்கும், நான்கு மாதம் தொடாமல் இருந்தால் உடம்பு அந்த உதையை எதிர்பார்த்து முன்கூட்டியே சிலிர்க்கும். கண்டுபிடிக்க ஒரு வழி. நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் சில முறை உண்மைத் தோட்டாவும் சில முறை டம்மியும், அதாவது வெடிக்காத போலித் தோட்டாவும், போட்டுக் கொடுக்கட்டும். டம்மி வந்தபோது 'டிக்' என்று மட்டும் கேட்டு, துப்பாக்கி வாய் குனிந்து எழுந்தால் விஷயம் தெரிந்துவிட்டது. காதுக்கு மூடி போட்டுக்கொள்ளுங்கள், பாதிச் சிலிர்ப்பு சத்தத்தால் வருவது. வீட்டில், காலித் துப்பாக்கியில் டம்மி போட்டு, பேரல் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் ட்ரிக்கரை இழுத்துப் பழகுங்கள். ஒரு தோட்டாக்கூடச் செலவில்லை.

ஒரே நாளில் சைட்டையும் ஆணியையும் எண்ணெயையும் மாற்றிவிட்டுச் சுடாதீர்கள் தம்பி. சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த தேர்தலுக்கு அப்புறம் திரும்ப முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். இந்த வாரம் முன் சைட்டை மட்டும் பாருங்கள். தாளில் தேதி, லாட் எண், செய்த வேலை மூன்றையும் எழுதி, அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் லைசென்ஸ் புத்தகத்தோடு வையுங்கள். சரியாகவில்லை என்றால் பட் கட்டையை முழங்காலில் இடுக்கி முறுக்கிப் பார்த்துவிட்டு, 'கிரீச்' கேட்டதா இல்லையா என்று எழுதுங்கள்.